மாற்ற அனுமதியில்லாத கடவுச்சொல்

கணவன் இறந்த பிறகு கருணை அடிப்படையில் அவனுடைய அலுவலகத்திலேயே வேலை கிடைத்த செண்பகவல்லி, முதல் நாள், அலுவலகப் பிரிவில் எல்லோருக்குமான பொதுக் கணினி முன் உட்கார்ந்தாள். திரையில் இன்னும் தர்மலிங்கம் என்று அவன் பெயரே இருந்தது. கடவுச்சொல்லாகத் தன் பெயரை அடித்தாள். பிறகு மகன் பெயரை. இரண்டும் தவறு.

“இன்னொரு தடவை தப்பானா பூட்டிக்கும்க்கா,” என்று பக்கத்து மேசை ஜெசிந்தா எழுந்து வந்தாள். “அண்ணன் வச்சதுதான், மாத்த எங்க யாருக்கும் அனுமதியில்ல. நான் சொல்றேன், அடிங்க. எம், ஏ, எல், ஐ...”

எட்டு வருஷமாகத் தன் விரல்கள் அடித்து வந்தது ஒரு பெண்ணின் பெயர் என்பது ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வாய் நின்றுபோனது.

மீதி இரண்டு எழுத்தைச் செண்பகவல்லி கேட்கவில்லை. தானே அடித்தாள். கணினி திறந்தது.