கஞ்சி மாவுக்கு ஒரு வியாபாரி

"இன்வர்கார்கில்ல அப்படி ஒரு வியாபாரியே இல்லம்மா" என்றார் த்ரிப், சொட்டும் குடையை மடக்கியபடி. "மூணு நாள் தெருத் தெருவா விசாரிச்சேன். மளிகைக்காரர், துணிக்காரர், சலவைக்காரர், ஒருத்தருக்கும் வால்டர் கிரேங்கிற பேரே தெரியல."

ஜெஸ்ஸி ஹார்கஸ் உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்தவில்லை.

"நானும் வால்டர் கிரேயைப் பார்த்ததில்லை சார். கடிதம் வரும், பணம் வரும். வண்டிக்காரர் மூட்டையை ஏத்திக்கிட்டுப் போவார். அவ்வளவுதான் தெரியும்."

துணிக்குப் போடும் கஞ்சி மாவு அதுவரை கப்பலில்தான் நியூசிலாந்துக்கு வந்துகொண்டிருந்தது. காலனியிலேயே அதைத் தயாரித்து, முதலில் இரண்டு டன் விற்றுக் காட்டுபவருக்கு முந்நூறு பவுன் ஊக்கத்தொகை என்று வெல்லிங்டனில் சர்க்கார் அறிவித்திருந்தது. உருளைக்கிழங்கிலிருந்து மாவு எடுத்து, இரண்டு டன்னையும் இன்வர்கார்கில் நகரத்து வால்டர் கிரேக்கு விற்றதாக ஜெஸ்ஸி மனுப் போட்டிருந்தாள். சரிபார்க்க வந்தவர் த்ரிப்.

இப்படிப்பட்ட மனுக்கள் அவருக்குப் புதிதல்ல. பட்டு நெய்தேன் என்றவர் காட்டியது சீனப் பட்டு. காகிதம் செய்தேன் என்றவர் லண்டன் முத்திரையைச் சுரண்ட மறந்திருந்தார். பதினோரு மனுக்கள் வந்து, பதினொன்றையும் தள்ளியிருந்தார்.

"இல்லாத ஆளுக்கு வித்ததா எழுதிக் கொடுத்தா ஜெயில்மா. உள்ளூர்ல யாராவது வாங்கியிருந்தாலாவது சொல்லுங்க."

"எதிர்க் கடை ட்ரீவர் விட்டாத்தானே? வாசல்ல நின்னு என் மாவைத் திட்டுறதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு."

கொட்டகையில் அவளோடு கிழங்கு துருவிக்கொண்டிருந்த ஆறு பெண்களும் சிரித்தார்கள். ஊரில் நார் மில் மூடிய பிறகு அவர்கள் வீட்டு அடுப்பு எரிவது இந்தக் கொட்டகையால்தான். த்ரிப் சிரிக்கவில்லை. தெருவைக் கடந்து எதிர்க் கடைக்குப் போனார்.

ஆண்ட்ரூ ட்ரீவர் அவருக்காகவே காத்திருந்தவர் போல ஆரம்பித்தார்.

"நல்லா எழுதிக்கோங்க ஐயா. மார்ச் மாசச் சரக்கு இருக்கே, அதைப் போட்டா சட்டைக் காலர் பலகையாயிடும். தலையைத் திருப்பினேன், காது அறுந்துது. மே மாசச் சரக்கு அதுக்கு நேர்மாறு. சர்ச்சுக்குப் போற வழியில ஒரு தூறல். அவ்வளவுதான், காலர் கூழாயி முதுகுல இறங்கிடுச்சு. பிரசங்கம் முடிஞ்சு எல்லாரும் எழுந்தாங்க. நான் மட்டும் பெஞ்சோட ஒட்டிக்கிட்டிருந்தேன். ஜூலைச் சரக்கு பூரா மணல்."

"அப்போ உங்க கடையில விக்கல?"

"செத்தாலும் விக்க மாட்டேன்."

எழுதிக்கொண்டிருந்த பென்சில் நின்றது.

"நீங்க விக்கல. ஊர்ல வேற யார்கிட்டயும் இந்த மாவு இல்ல. அப்புறம் மார்ச், மே, ஜூலைன்னு மூணு சரக்கும் உங்க கழுத்துக்கு எப்படி வந்தது?"

ட்ரீவர் கூரையைப் பார்த்தார். "மழை விடாது போலிருக்கே" என்றார்.

"பின்னாடி இருக்கிற கிடங்கைத் திறங்க."

"சாவி தொலைஞ்சு போச்சு."

"பூட்டை உடைக்கலாமா?"

சாவி இடுப்புப் பையிலிருந்து வெளியே வந்தது. கிடங்கில் கால் வைக்க இடமில்லை. கூரை வரைக்கும் மூட்டைகள். ஒவ்வொன்றிலும் ஜெஸ்ஸி ஹார்கஸின் முத்திரை.

"வால்டர் கிரே யாரு?"

"என் மாமனார். போய்ச் சேர்ந்து இருபது வருஷமாச்சு. கோவிச்சுக்க மாட்டார்."

"ஊக்கத்தொகையில உங்களுக்கு எவ்வளவு பங்கு?"

"அவ காதுக்கு என் பேரே போகக் கூடாதுங்கறேன். பங்கு எங்கேருந்து வரும்?" ட்ரீவர் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். "அந்த முதல் சரக்கு கடைக்குப் போயிருந்தா பேர் நாறியிருக்கும். அப்புறம் அவ தங்கத்துல மாவு செஞ்சாலும் எவனும் தொட மாட்டான். அதான் நானே வாங்கினேன். குறை இருந்தா வாசல்ல நின்னு திட்டுவேன். அவ ரோஷக்காரி, அடுத்த சரக்குல சரி பண்ணிடுவா. இன்னிக்கு நான் போட்டிருக்கிறது இந்த மாசச் சரக்கு. காலையிலேருந்து நனையறேன். தொட்டுப் பாருங்க."

த்ரிப் காலரைத் தொட்டுப் பார்த்தார். தன்னுடைய காலரையும் தொட்டுப் பார்த்தார். அவருடையது கப்பலில் வந்த மாவு. துவண்டு போயிருந்தது.

விதிமுறைத் தாளை எடுத்து இரண்டு முறை படித்தார். இரண்டு டன் விற்றிருக்க வேண்டும் என்றுதான் இருந்தது. வாங்கியவர் எத்தனை பேர் என்று சர்க்கார் கேட்கவில்லை.

"அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க ஐயா. நான் இரக்கப்பட்டு வாங்கினேன்னு தெரிஞ்சா அன்னிக்கே கொட்டகையை இழுத்து மூடிடுவா."

"சொல்ல மாட்டேன்" என்றார் த்ரிப்.

வண்டி ஏறும் முன் ஜெஸ்ஸியின் கொட்டகைக்குப் போனார். "உங்க மனுவை ஏத்துக்கிட்டேன்மா. வியாபாரி இருக்கார். நேர்லயே பார்த்துட்டேன்."

ஆறு பெண்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். எதிர்ப் பக்கத்திலிருந்து ட்ரீவரின் குரல் வந்தது: "சர்க்காருக்கே கஞ்சி ஊத்திட்டாளா? நாடு உருப்பட்ட மாதிரிதான்."

ஜெஸ்ஸி கையைத் துடைத்துக்கொண்டு வண்டி வரை கூடவே வந்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"இந்தத் தடவை மாவு நல்லா வந்திருக்கு, தைரியமா கடையில வைக்கலாம்னு அந்த வியாபாரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க சார். எனக்குத் தெரியும்னு மட்டும் சொல்லிடாதீங்க. பாவம், அப்புறம் அந்த மனுஷன் மனசு விட்டுத் திட்ட மாட்டார்."