இருபது நாற்காலிகள்

“வீட்டுல வேலை நடக்கலன்னு சொல்லல, லமீஸ். புதுசா சேர்ந்தவங்க யாரப் பாத்துக் கத்துப்பாங்க? இனி எல்லாரும் தினமும் ஆபீஸ் வரணும். முடியலன்னா வேலைய விட்டுடலாம்,” என்கிறார் புதுச்சேரி அலுவலகத்தின் பிரெஞ்சு முதலாளி ஃபாபிரிஸ்.

“நாங்க பாதி நாள் வீட்டுல இருக்கோம்னுதான முசியே, வாடகை மிச்சம்னு மாடியக் காலி பண்ணீங்க?”

நாற்பது பேருக்கு இருபது நாற்காலிகள். கருவடிக்குப்பத்திலிருந்து வந்து சேர்ந்த லமீஸ், மடிக்கணினியைக் கைக்குழந்தைபோல் இடுப்பில் இடுக்கியபடி நிற்கிறாள். சன்னல் சட்டங்களின் வழியே புகுந்த காலை வெயில் அவள் முகத்தில் கோடு கோடாய் விழுகிறது. சுவரோரம் நிற்பவர்கள் செருமுகிறார்கள்; உட்கார்ந்திருப்பவர்கள் திரையைவிட்டுக் கண்ணெடுப்பதில்லை. அவள் ஃபாபிரிஸின் மேசைமேல் இருந்த காப்பிக் கோப்பையை மெல்ல நகர்த்தி, அந்த இடத்தில் மடிக்கணினியைத் திறந்து வைக்கிறாள்.

“தினமும் வர்றேன் முசியே. என் நாற்காலி எதுன்னு மட்டும் காட்டுங்க.”