நடுவில் நின்ற தலைவர்

மாநிலப் பனிச்சறுக்கு நடனப் போட்டியின் சிறுமியர் பிரிவுக்குப் பெயர் கொடுத்தவள் தீக்ஷிதா ஒருத்திதான் என்பதால், தங்கப் பதக்கம் ஒரு வாரத்துக்கு முன்பே அவளுக்கு உறுதியாகியிருந்தது. ஆனால் காற்றில் ஒன்றரைச் சுற்று சுற்றி விழாமல் இறங்கினால்தான் தேசியப் போட்டிக்கு அனுப்புவார்கள். அதுவும் பத்து மணிக்குள், பிறகு போட்டி நடக்கும் வணிக வளாகம் பனித்தளத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும். சங்கத் தலைவர் கோதண்டம் பனியின் நடுவில் கம்பளம் போடச் சொல்லி, குத்துவிளக்கேற்றி, சறுக்கலின் பெருமையைப் பற்றி ஒன்பது ஐம்பத்தைந்து வரை பேசினார். அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்த இருவரும் பொன்னாடை எடுக்கக் கீழே போயிருந்தார்கள். தலைவர் செருப்புக் காலை ஒருமுறை பனியில் வைத்துப் பார்த்துவிட்டு, பட்டென்று கம்பளத்துக்கே இழுத்துக்கொண்டார்.

“பாப்பா, யாரையாச்சும் கூப்பிடேன்.”

“நேரமில்ல சார். அப்படியே நில்லுங்க.”

“இடிச்சிட மாட்டியே?”

“அசைஞ்சீங்கன்னா இடிச்சிடுவேன்.”

இசை தொடங்கியது. தலைவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஒலிவாங்கியை அணைக்க மறந்துவிட்டார். அவரைச் சுற்றிச் சுற்றி வேகமெடுத்தவளின் காதில் மட்டுமல்லாமல் மூன்று மாடிகளிலும் அது கேட்டது: “முருகா, பிள்ள விழக்கூடாது. முருகா, பிள்ள விழக்கூடாது.” அவர் வாழ்நாளிலேயே சுருக்கமான உரை அதுதான். தீக்ஷிதா எழும்பினாள், சுற்றினாள், ஒற்றைக் காலில் இறங்கிச் சறுக்கிக்கொண்டே போனாள். நடுவர்கள் எழுந்து கைதட்டினார்கள்.

“விழுந்துட்டாளா?” என்றது ஒலிபெருக்கி.

“இல்ல சார், நல்லா வந்துருச்சு. கண்ணத் திறந்துறாதீங்க, இன்னொண்ணு போடப்போறேன்.”