நாற்பத்தேழாம் கட்டம்

"பாதிப் பேச்சுல கட்டாயிடுச்சும்மா. பாவம், அப்பா இருக்கிற பக்கம் சிக்னலே நிக்க மாட்டேங்குது."

செல்போன் கம்பெனி அலுவலகத்தின் வராந்தாவிலிருந்து உள்ளே வந்த அதிகாரியின் கட்டைவிரல் இன்னும் போன் திரையின் மேலேயே இருந்தது. நேராகச் சுவரில் ஒட்டியிருந்த நகர வரைபடத்தின் முன்னால் போய் நின்றார். மொத்தம் அறுபது கட்டங்கள். பழைய நெட்வொர்க் ஓடுகிற கட்டத்தில் சிவப்புத் தாள், புது நெட்வொர்க் வந்துவிட்ட கட்டத்தில் பச்சைத் தாள்.

எந்தக் கட்டம் எப்போது மாறுவது என்று வரிசை போட்டு, அந்தத் தாள்களை மாற்றி மாற்றி ஒட்டுவதுதான் வரைபடத்தருகே நின்றிருந்த பெண்ணுக்கு வேலை. அதனாலேயே அலுவலகத்தில் அவளுக்கு 'கலரக்கா' என்று பெயர் விழுந்துவிட்டது.

"நாப்பத்தேழு எப்பம்மா பச்சையாகும்?"

"அடுத்த மாசம் இருபதாம் தேதி சார்."

"அவ்வளவு நாளா!" மனிதருக்கு முகம் தொங்கிப்போயிற்று.

தினமும் இதே கேள்விதான். நாற்பத்தேழாம் கட்டத்தில் அவருடைய அப்பா தனியாக இருக்கிறார், எண்பது வயது. இரண்டு மாதத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து அரை நாள் கிடந்தார். பிறகு தவழ்ந்துபோய் போனை எட்டிப் பிடித்து மகனைக் கூப்பிட்டார். அதிலிருந்து தினமும் காலை பதினோரு மணிக்கு டாணென்று அவரிடமிருந்து போன் வந்துவிடும்.

ஒருநாள் அதிகாரி போனை மேஜையிலேயே வைத்துவிட்டு எங்கோ போயிருந்தார். அது அடித்தபோது அவள்தான் எடுத்தாள்.

"யாரும்மா நீ? சரி சரி, அவனைக் கூப்பிட வேணாம், வேலையா இருப்பான். நான் இன்னைக்கும் எந்திரிச்சுட்டேன்னு மட்டும் சொல்லிடு. ஒண்ணாம் நம்பரை அழுத்திப் பிடிச்சாப் போதும், என் பையன் வந்துடுவான். அந்த தைரியத்துலதாம்மா என் பொழுது ஓடுது."

அவளுடைய அப்பாவும் இப்படித்தான் கூப்பிடுவார். "மீட்டிங்ல இருக்கேன்பா" என்று ஒருநாள் வைத்துவிட்டாள். அடுத்த போன் பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து வந்தது. அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது என்று ஒரு வருஷமாகத் தவித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே டவர் வேலைக் குழுவின் மேஸ்திரியைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்றாள்.

"அடுத்தது நாப்பத்தேழுதான்."

"என்னக்கா விளையாடறீங்களா? வரிசைப்படி முப்பத்தொண்ணு வரணும். அங்கே ரெண்டு காலேஜ் இருக்கு. பசங்க நம்மளைக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க."

"விடட்டும். அவங்களுக்குப் படம் பாக்கறதுதானே லேட்டாகும்? இங்கே ஒரு பெரியவரோட உசுரு இருக்கு."

மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

ஆனால் கட்டம் பச்சையாவதற்கு முன் ஒரு விதி இருந்தது. பழைய நெட்வொர்க்கை நிறுத்திவிட்டுத்தான் புதியதைத் திறப்பார்கள். அந்த நிமிஷமே அங்குள்ள பழைய பட்டன் போன்கள் எல்லாம் வெறும் டப்பாவாகிவிடும். அதனால் பட்டன் போன் வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் கம்பெனியே புதுப் போன் கொடுத்து, கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு கையெழுத்து குறைந்தாலும் வேலை நடக்காது.

நாற்பத்தேழில் அப்படி முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். வீடு வீடாக ஆள் அனுப்பி முந்நூற்றுப் பதினொரு கையெழுத்தை வாங்கிவிட்டாள். பாக்கி ஒன்றே ஒன்று, அதிகாரியின் அப்பாவுடையது.

"அப்பாவுக்கு நானே கொண்டுபோய்க் குடுத்துக்கறேம்மா. வேற யாராவது போய்க் கதவைத் தட்டினா பயந்துடுவார்." போன் பெட்டியை வாங்கிக்கொண்டு, அப்பாவுக்குப் பதிலாகத் தாளில் அவரே கையெழுத்துப் போட்டார்.

பிள்ளை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்! அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

வியாழக்கிழமை காலை பத்தரைக்குத் தன் கையாலேயே கம்ப்யூட்டரைத் தட்டி நாற்பத்தேழாம் கட்டத்தை மாற்றினாள். சிவப்புத் தாளைக் கிழித்தெறிந்துவிட்டுப் பச்சையை ஒட்டினாள். அதிகாரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அலுவலகம் முழுவதற்கும் கேக் வரவழைத்தார்.

அவள் கண் மட்டும் அவருடைய மேஜைமேல் இருந்த போனிலேயே இருந்தது. இரைச்சல் இல்லாமல், பாதியில் அறுந்துபோகாமல், அந்தப் பெரியவர் பேசுவதை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். பதினொன்று அடித்தது. பதினொன்றேகால், பதினொன்றரை. போன் கம்மென்று கிடந்தது.

"சார், அப்பா இன்னும் கூப்பிடலையே?"

"முதல்ல கேக்கை வெட்டும்மா. கத்தி எங்கே?"

கத்தியைத் தேடி அவருடைய மேஜையின் ட்ராயர்களை ஒவ்வொன்றாக இழுத்தாள். கடைசி ட்ராயரில் அந்தப் போன் பெட்டி இருந்தது. ஒட்டின சீல்கூடப் பிரியவில்லை.

பெட்டியைக் கையில் எடுத்தாள். "ஐயோ சார்! இதை நீங்க கொண்டுபோய்க் குடுக்கவே இல்லையா? இனிமே அவர் விழுந்து கிடந்தாக்கூட உங்களைக் கூப்பிட முடியாதே!"

அதிகாரி அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்து ட்ராயரை மூடினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"அதுக்குத்தானேம்மா தினமும் கேட்டேன்."