மூன்று டாலர் புளூபெர்ரி

ஆகஸ்ட் பிறந்தால் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் சாலையோர மேசைகளில் புளூபெர்ரிப் பெட்டிகளும் ஓர் உண்டியலும் இருக்கும், ஆள் இருக்காது. காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். எங்கள் சாலையில் தனியாக இருக்கும் வெர்னா மட்டும் உண்டியல் வைப்பதில்லை. கதவைத் தட்டி, கையில்தான் கொடுக்க வேண்டும்.

"யாரையும் நம்ப மாட்டா" என்று சிரித்தோம். ஆனாலும் ஆறு டாலர் பழத்தை மூன்றுக்குக் கொடுத்தாள், எல்லோரும் தட்டினோம்.

"காபி போட்டிருக்கேன், ஆல்மா. உக்காந்துட்டுப் போயேன்."

"வேலை கிடக்கு வெர்னா. ரெண்டு பெட்டி குடு." அரை டாலர் மிச்சமென்றாலும் ஊரைச் சுற்றுபவள் ஆல்மா. வாங்கியதும் காரில் ஏறிவிட்டாள்.

வழியில் பண்ணைக்காரர் லிண்டன் தென்பட்டதும் வண்டியை நிறுத்தினாள். "வெர்னா மூணுக்குத் தர்றா, நீங்க ஆறு சொல்றீங்களே? அவ பழம் உங்க பழத்தைவிட நல்லாவும் இருக்கு."

லிண்டன் பெட்டியைப் பார்த்தார். "இதுவும் என் பழம்தான். அவதான் போன வருஷமே நிலத்தை வித்துட்டாளே. தினம் காலையில எங்கிட்ட பத்துப் பெட்டி வாங்கிட்டுப் போறா."

"எவ்வளவுக்கு?"

"ஆறுக்குத்தான்."

ஆல்மா வண்டியைத் திருப்பி, மறுபடி கதவைத் தட்டினாள்.

"பழத்துல ஏதாவது குறையா?" வெர்னாவின் முகம் வெளிறிவிட்டது.

"அதெல்லாம் இல்ல. காபி இன்னும் இருக்கா?"