வரப்போகிறவன்

சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் மதிய வெயில் மேசையின் பாதிவரை வந்திருக்கிறது. எட்டு மாதக் கர்ப்பிணி மெஹரூனின் முன்னே, தொப்புள்கொடி ரத்தம் சேமிக்கும் இரண்டு நிறுவனங்களின் கையேடுகள் விரிந்து கிடக்கின்றன. தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகையால் மாதந்தோறும் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் மூத்த மகள் சஃபா, ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருக்க, ரோஜா நிறப் பால்பானமான பண்டோங் குடிக்கிறாள். "இவங்ககிட்டயே வச்சிடலாம் லா. தம்பியோட தொப்புள்கொடி ரத்தம் பொருந்தி, அதை ஏத்தினா சஃபாவுக்கு இனி ஊசியே வேணாம்," என்று ஒரு கையேட்டைத் தட்டிச் சொல்கிறான் கணவன் இம்தியாஸ். சஃபா நிமிர்கிறாள். "உம்மா, தம்பி எனக்காகத்தான் வர்றானா?" "இல்லம்மா, நம்ம எல்லாருக்கும்தான்," என்று அவசரமாகச் சொல்கிறாள் மெஹரூன். வயிற்றுக்குள் குழந்தை புரள்கிறது. அவனுக்கென்று ஒரு பெயரைக்கூட இதுவரை யோசிக்கவில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் உறைக்கிறது.