கடைசித் தெரு

வரிசையில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கையில் டப்பா இல்லை. கைப்பை மட்டும்தான்.

அவளுக்கு முன்னால், எதிர்வீட்டுச் சேவல் தூங்கவிடுவதில்லை என்று வாராவாரம் வரும் கணக்கு வாத்தியார். அவளுக்குப் பின்னால் பாதி வார்டு.

சனிக்கிழமை மதியம் தொடங்கி இருட்டும்வரை வார்டு அலுவலகத்தில் உட்கார்ந்து குறை கேட்பது கவுன்சிலரான என் வழக்கம். வந்த வரிசைப்படிதான், யாருக்கும் சலுகை கிடையாது. அனுப்பும்போது ஒவ்வொருவரிடமும் "வேற ஏதாவது குறை இருக்கா?" என்று கேட்பேன். அந்தக் கேள்விக்காகவே எனக்கு ஓட்டுப் போட்டவர்கள் உண்டு என்று என் உதவியாளர் சொல்வார். அவருக்குச் சம்பளம் தருவது நான் என்பதால் அதை முழுசாக நம்ப வேண்டியதில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. எந்த வேலையானாலும் என் தெருவுக்குக் கடைசியில்தான்.

தன் வாசலுக்கு முதலில் செய்துகொண்டான் என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாது. அதனால் வார்டில் எனக்குக் 'கடைசித் தெரு' என்றே பட்டப்பெயர். மற்ற தெருக்காரர்கள் அதைப் பாராட்டாகச் சொல்வார்கள். என் தெருக்காரர்கள் சொல்லும் தொனியை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

எங்கள் வாசலில் தெருவிளக்கு எரிந்து ரொம்ப நாளாகிறது. மருந்துக்கடையில் வேலை முடிந்து வரும் மனைவி சுவரைத் தடவித் தடவித்தான் வீடு வந்து சேர்வாள். போன மழையில் பள்ளத்தில் கால் வைத்து விழுந்தாள். முகவாயில் தையல்.

செய்தி வந்தபோது நான் வேறொரு தெருவில் புது விளக்குக்கு சுவிட்ச் போட்டுக்கொண்டிருந்தேன். கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் கிளம்ப முடிந்தது.

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். இப்போது விளக்கு மாட்டினால், பெண்டாட்டி விழுந்ததும் மாட்டிக்கொண்டான் என்பார்கள். கொஞ்ச நாள் போகட்டும்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒத்துக்கொண்டாள் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு ஒரு மேடையில் இதைச் சொல்லிக் கைதட்டலும் வாங்கினேன்.

ஆக, இன்று அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் எப்படி மறுப்பது என்று சேவல் புகாரைக் கேட்டபடியே ஒத்திகை பார்த்தேன். குரலில் கொஞ்சம் கனிவு, நிறைய நேர்மை.

அவள் முறை வந்தது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வணக்கம் சார்."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். அந்த 'சார்' மட்டும் எங்கோ குத்தியது.

"தபால் ஆபீஸ் பின்னாடி சந்துல, கடைசி வீட்டு முன்னால லைட் எரியல சார். வேலை முடிஞ்சு வர்ற பொம்பளைக்கு அந்த இருட்டு ஆகாது."

எங்கள் தெரு இல்லை!

தயாராக வைத்திருந்த வசனத்துக்கு வேலையில்லாமல் போனது. கண்கூடக் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. தன் வாசல் இருட்டை விட்டுவிட்டு யாரோ ஒருத்தி வாசலுக்காக வரிசையில் கால்கடுக்க நின்றிருக்கிறாள். இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியது வீண்போகவில்லை.

"பாத்தீங்களா?" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன். "என் வீட்டுக்காரியே அடுத்த தெருவுக்காகத்தான் கேக்குறா!"

கைதட்டலைத் தொடங்கிவைத்தது, தன் புகார் முடிந்தும் வீட்டுக்குப் போகாத கணக்கு வாத்தியார்தான்.

எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தே லைன்மேனுக்குப் போன் போட்டேன். மற்ற வேலையெல்லாம் கிடக்கட்டும், இருட்டுவதற்குள் அந்தச் சந்தில் விளக்கு எரிய வேண்டும் என்றேன்.

அந்தப் பூரிப்பில் அவளிடம் மட்டும் என் வழக்கமான கேள்வியைக் கேட்க மறந்துபோனேன். அவளும் காத்திருக்கவில்லை. வெளியே வண்டி நிற்கிறது என்று எழுந்து போய்விட்டாள்.

வெளிச்சம் மங்கும் நேரத்துக்கு லைன்மேன் கூப்பிட்டார். இன்னும் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல செய்தி நாலு பேர் காதிலும் விழட்டுமே என்று மறுபடி ஸ்பீக்கரைப் போட்டேன்.

"மாட்டியாச்சு சார். பளிச்சுனு எரியுது."

"அந்த வீட்டுக்காரங்களுக்குச் சந்தோஷந்தானே?"

"நம்ம அம்மாதானே சார்! வண்டியிலேருந்து பீரோ இறக்க ஆள் பத்தல, நானும் ஒரு கை புடிச்சேன். உங்க சாமான்தான் ஒண்ணும் காணோம். அடுத்த நடையில வருதா சார்?"

கணக்கு வாத்தியார் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார். யாரோ இருமினார்கள். ஸ்பீக்கரை அணைக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியவில்லை.

ஏதாவது சொல்லியாக வேண்டும். வாயில் வந்தது பழக்கதோஷம் மட்டும்தான்.

"வேற ஏதாவது குறை இருக்கான்னு கேளுங்க."

தரையில் பீரோ இழுபடும் சத்தம் கேட்டது. அது நின்றது. லைன்மேன் கேட்பதும் கேட்டது. அவள் குரல் மட்டும் இவ்வளவு தூரம் எட்டவில்லை.

"ஒண்ணும் இல்லையாம் சார்" என்றார் லைன்மேன். "அந்த லைட்டு ஒண்ணுதானாம்."